ஊர் ஏரியும் சிறு மானியமும்

ஐப்பசியில் நிரம்பி, மார்கழியில் பாதியாகி, தை பிறப்பதற்குள் தரை தெரிந்துவிடும் ஏரிகள் நமது மாநிலத்தில் பல உண்டு. அத்தகைய ஊர்களில் குடியானவர்களைக் கேட்டால், "ஏரி தூர்ந்து போயிற்று, சர்க்கார் வந்து வெட்டித் தர வேண்டும்" என்பார்கள். ஏரி தூர்ந்திருப்பது மெய்யே. ஆயினும் தூர் ஒன்றே குறை என எண்ணுவதும், வெட்டுவது ஒன்றே மருந்து என முடிவு செய்வதும், அதற்குப் பெருந்தொகை வரும்வரை காத்திருப்பதும் சரியன்று. ஆறு அல்லது ஏழு லட்சம் ரூபாய் அளவுள்ள ஒரு சிறு மானியத்தோடு ஊரார் பங்கையும் சேர்த்து, பழையதைப் பழுதுபார்த்து, கழிவென்று ஒதுக்கியதை மீண்டும் பயன்படுத்தி, ஓர் ஏரியை எவ்வளவு தூரம் சீர்படுத்தலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரார் கூடி நீர்நிலையைப் பேணும் முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். மராமத்து என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. வழக்கமோ அச்சொல் இங்கு வருவதற்கு மிக முற்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் ஏரி வாரியம் கூறப்படுகிறது. குடவோலை முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட அறுவர் அவ்வாரியத்தில் இருந்தனர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர் எந்த வாரியத்திற்கும் தகுதியற்றவர் என அக்கல்வெட்டு விதிக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஏரிப் பணத்தின் கணக்கு எத்தகைய தலைவலியாக இருந்தது என்பதை இவ்விதியே காட்டும். அன்றியும், ஏரியின் பராமரிப்புக்கென்றே ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டிருந்தது. அதன் விளைவு ஏரிக்கே சென்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றி, வழக்கப்படி ஊர்ப் பாசன வேலைக்கு வரவேண்டியவர் வராவிடில், அவர் உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு அபராதமாகச் செலுத்த வேண்டுமென்று விதித்தனர். மானியங்களையும் அதிகாரத்தையும் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு, உழைப்பை மட்டும் ஊரிலிருந்து கேட்ட சட்டம் எவ்வாறு பயன் தரும்? 1883-ஆம் ஆண்டில் ஏரிகளைச் செப்பனிடும் தனித்திட்டம் ஒன்றை அரசாங்கமே தொடங்க நேர்ந்தது. சுதந்திரத்திற்குப் பின், கிணறுகளும் பம்பு செட்டுகளும் பெருகப் பெருக, ஏரி நீரை நம்பியிருந்தவர் கவனம் தத்தம் கிணற்றின்பால் திரும்பிற்று. 1960-ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேராக இருந்த ஏரிப் பாசனப் பரப்பு பிற்காலத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கிணற்றுக்கு ஊற்று ஏரியிலிருந்தே வருகிறது என்பதைப் பலர் கிணறு வற்றிய பிறகே உணர்ந்தனர்.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆகவே மனு எழுதுமுன் தம் ஊர் ஏரி எப்பிரிவைச் சேர்ந்தது என்று உறுப்பினர்கள் அறிந்துகொள்ள வேண்டும். தவறான அலுவலகத்துக்குச் சென்ற மனு ஒரு பருவத்தை விழுங்கிவிடும்.

சிறு தொகையும் பெருந்தொகையும்

2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,519 பணிகளுக்காக 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு பணிக்குச் சராசரி ஆறரை லட்சம் ரூபாய். மதிப்பீட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஆயக்கட்டுதாரர்கள் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ கொடுக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளி கோராமல், பதிவு செய்யப்பட்ட ஆயக்கட்டுதாரர் சங்கத்தினிடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. 2019-20-ஆம் ஆண்டிலோ 1,829 பணிகளுக்கு ஏறத்தாழ 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சராசரி 27 லட்சமாக உயர்ந்தது.

தொகை உயர்ந்தது நன்மையே எனினும், இவ்விடத்தில் ஒன்றை ஒளியாமல் கூறவேண்டும். ஆறரை லட்சத்தில் ஊர்ப் பங்கு 65,000 ரூபாய். ஆயக்கட்டு 130 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 500 ரூபாய். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் 1,000 ரூபாய் கொடுக்கலாம். அன்றி, சில நாள் வேலை செய்து கழிக்கலாம். இதை ஊர் தாங்கும். மதிப்பீடு 27 லட்சமானால் அதே ஊரில் ஏக்கருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் விழும். அப்பொழுதுதான், "பங்கை நானே கட்டிவிடுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று ஒருவர் வருவார். அவர் கட்டும் பணம் அவருடையதன்று. வேலையில் குறைத்து எடுக்கப்போகும் பணமே அது. கரையில் போடவேண்டிய மண்ணும், கலிங்கில் சேர்க்கவேண்டிய சிமெண்டும் அவ்விதமாக முன்கூட்டியே விற்கப்பட்டுவிடுகின்றன. சங்கத்தின் பெயரில் வேறொருவர் வேலை செய்யும் ஊரில், மழைக்காலத்தில் கரை கசிந்தால் கேள்வி கேட்க ஒருவருக்கும் வாய் இராது.

பணம் தவணையாக, வேலையை அளந்த பிறகே வரும் என்பதும் இதற்கு ஒரு காரணம். அளவுப் புத்தகத்தில் ஏறும்வரை கூலிக்கும் டீசலுக்கும் கைமுதல் வேண்டும். ஆகவே மானியம் கேட்குமுன்னரே ஊர்ப் பங்கைத் தண்டி வங்கியில் இட்டுவைத்திருக்கும் சங்கம் பிறரை நம்பவேண்டிய அவசியம் குறைவு. என் கருத்தில், ஊர் தன்னால் தாங்கக்கூடிய அளவுக்கு மதிப்பீட்டைச் சுருக்கி, இரண்டு ஆண்டுகளில் இரண்டு சிறு வேலைகளாக முடிப்பது, ஒரே ஆண்டில் பெருவேலையைக் கேட்டுப் பிறர் கையில் கொடுப்பதினும் மேல்.

குடிமராமத்து ஒன்றுதான் வழி என்பதில்லை. 1997-98-ஆம் ஆண்டில் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ஆம் ஆண்டில் மீண்டும் பழைய பெயருடன் வந்த நமக்கு நாமே திட்டமும் ஊரார் ஒரு பங்கு கொடுத்தால் அரசாங்கம் மீதியைக் கொடுக்கும் முறையைச் சேர்ந்ததே. திட்டத்தின் பெயரும் பங்கின் அளவும் காலத்திற்கேற்ப மாறும். அவற்றை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டறிக. ஏரியில் எதை முதலில் செய்வது என்ற கேள்வி மட்டும் எத்திட்டத்திலும் மாறாதது.

முதலில் மதகு

மதகின் கதவு தேய்ந்தோ, தூம்பின் கல் பெயர்ந்தோ நீர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 லிட்டர், அதாவது ஒரு வாளி அளவு. பார்ப்பவர்க்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு நாளைக்கு 864 கனமீட்டர். முப்பது நாளைக்கு ஏறத்தாழ 26,000 கனமீட்டர். ஏரியின் உள்வாயில் ஒரு ஹெக்டேர் பரப்பை ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் கிடைக்கும் கொள்ளளவு 10,000 கனமீட்டர்தான். எனவே, ஒரே மாத ஒழுக்கு, இரண்டரை ஹெக்டேர் வெட்டிச் சேர்த்த நீரைக் கொண்டுபோய்விடுகிறது. வெட்டுவதற்குப் பல லட்சம் செலவாகும். மதகின் திருகாணியைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்த கதவை மாற்றி, பெயர்ந்த கட்டுமானத்தைப் பூசுவதற்கு அதில் ஒரு சிறு பகுதி போதும். ஓட்டைப் பானையைப் பெரிதாக்குவதற்கு முன் ஓட்டையை அடைப்பதல்லவா முறை?

மதகுக்கு அடுத்தது கலிங்கு. கரைகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் உடைகின்றன: மதகுக் குழாயை ஒட்டி நீர் கசிந்து மண்ணை அரித்தல், கலிங்கில் வழி அடைபட்டு நீர் கரைமேல் ஏறி வழிதல். கூடுதல் நீர் தேக்கும் ஆசையால் கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவோர் உண்டு. பழைய கலிங்குகளில் நட்டிருக்கும் கற்களின் இடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து நீர் தேக்கும் முறை முன்னோரிடமும் இருந்தது. ஆனால் அவர்கள் பருவமழையின் வேகம் தணிந்த பிறகே அதைச் செய்தனர். புயல் மழை எதிர்பார்க்கும் நாளில் அடைப்பது கரையைப் பணயம் வைப்பதாகும்.

மூன்றாவது வரத்துக்கால். ஏரிக்கு நீர் கொண்டுவரும் இக்கால்கள் பல ஊர்களில் வரைபடத்தில் மட்டுமே உள்ளன. ஒரு பக்கம் வீட்டு மனை, மறுபக்கம் வரப்பை நகர்த்திய வயல். இது பணத்தால் தீரும் வேலையன்று. நில அளவையரை அழைத்து எல்லைக்கல் நடச் செய்து, ஆக்கிரமித்தவர் பஞ்சாயத்து உறுப்பினரின் உறவினராயினும் விலகச் சொல்ல வேண்டும். வரத்துக்கால் அடைபட்ட ஏரியை எத்தனை அடி வெட்டினும் வானம் பார்த்த குழியாகவே இருக்கும்.

வண்டலுக்குப் பணம் செலவிட வேண்டுமா?

தூர் எடுப்பதை நான்காவதாகக் கூறுவதால் அது வேண்டா என்பது பொருளன்று. அதை மானியத்தில் செய்யாமல் வேறு வழியில் செய்யலாம் என்பதே பொருள். ஏரி வண்டலைக் குடியானவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-ஆம் ஆண்டில் அரசாங்கம் வழி செய்தது. அன்று விதிக்கப்பட்ட அளவு: நன்செய் ஏக்கருக்கு 75 கனமீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு, புன்செய் ஏக்கருக்கு 90 கனமீட்டர், அதாவது 30 லோடு, மண்பாண்டத் தொழிலுக்கு 60 கனமீட்டர். ஆட்சியரிடமிருந்த அனுமதி அதிகாரம் 2024-ஆம் ஆண்டில் வட்டாட்சியர் அளவுக்கு இறக்கப்பட்டதால் அலைச்சலும் குறைந்தது.

இவ்வளவுகளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் உள்வாயில் ஓர் அடி ஆழம் வண்டல் எடுத்தால் ஏறத்தாழ 3,000 கனமீட்டர், ஆயிரம் லோடு கிடைக்கும். நன்செய்க்கு அது 40 ஏக்கருக்குக் காணும். ஏக்கருக்கு 75 கனமீட்டர் பரப்பினால் வயலில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனமே வரும்; ஆகையால் நிலம் மேடாகிவிடும் என்ற அச்சம் வேண்டா. வண்டி வாடகை குடியானவருடையது. அவருக்கு உரம், ஏரிக்கு ஆழம். மானியப் பணமோ முழுவதும் மதகுக்கும் கலிங்குக்கும் கரைக்கும் நிற்கும். வயலிலிருந்தும் மேட்டு நிலத்திலிருந்தும் அரித்து வந்த மண் மறுபடி வயலுக்கே போகும் இம்முறை நம் பாட்டன்மார் மாட்டு வண்டியில் செய்துவந்ததுதான்.

எனினும் எல்லா மண்ணும் வண்டலன்று. வரத்துக்கால் வாயில் படிவது பெரும்பாலும் மணல். கரையை நெருங்க நெருங்கக் களி. செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் களி வண்டல் மிக நல்லது. கரிசலுக்கு அதனால் ஆகும் பயன் குறைவு. சில ஏரிகளில் உப்பு ஏறியிருக்கும். ஒரு கை மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு வண்டி கட்டுவது உத்தமம். நன்செய்க்கு என்று அனுமதி வாங்கிச் செங்கற்சூளைக்கு ஓட்டும் வண்டிகளும் உண்டு. வண்டி எண்ணையும் வயலின் சர்வே எண்ணையும் ஒரே ஏட்டில் எழுதச் செய்தால் இது பெருமளவு அடங்கும்.

எங்கே வெட்டுவது என்பதில் உறுதி வேண்டும். கரையின் அடியை ஒட்டி வெட்டுதல் கூடாது. அங்கேதான் மண் கிட்டத்தில் கிடைக்கும், ஆகவே அங்கேதான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். பொறியாளர் குறித்த எல்லையில் முளை அடித்துக் கயிறு கட்டிவிடுக. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டும் ஆழத்தில் நிற்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. ஆடுமாடு குடிக்கவும் மீனுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் அது உதவும் என்பதால் ஓர் இடத்தில் சிறிது ஆழம் விடலாம். ஏரி முழுவதும் வேண்டுவதில்லை. பக்கங்களைச் செங்குத்தாக விட்டுச் செல்லும் குழிகளோ உயிருக்கு ஆபத்து. ஏரி நிரம்பிய பின் அக்குழி கண்ணுக்குத் தெரியாது; குளிக்க இறங்கும் சிறுவர்களும் தண்ணீர் குடிக்க இறங்கும் மாடுகளும் அதில் சிக்குகின்றனர். சரிவாக வெட்டினோமா என்று பார்த்த பிறகே இயந்திரத்தை ஊரைவிட்டு அனுப்ப வேண்டும்.

கல்லும் கருவேலமும்

உடைந்த மதகின் கொத்துக் கற்கள் இன்று விலைக்கு வாங்க எளியவை அல்ல. அவற்றைப் பெயர்த்து, எண்ணி, ஓரிடத்தில் அடுக்கிப் பட்டியல் எழுதுக. பட்டியல் இல்லாத கற்களுக்கு இரவில் கால் முளைப்பதுண்டு. நல்லவை கலிங்கின் தளத்துக்கும், ஓரம் சிதைந்தவை கரையின் உட்புறக் கற்பதிப்புக்கும், உடைந்தவை அடித்தளத்துக்கும் ஆகும். இவ்வாறு பயன்படுத்தும் கல்லின் மதிப்பை மதிப்பீட்டில் காட்டும்படி பொறியாளரைக் கேட்க வேண்டும். காட்டாவிடில், பழைய கல் புதிய கல்லின் விலையில் எழுதப்படும். மதகுக் கல்லில் எழுத்துகள் தென்பட்டால் அதை உடைக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க. பழங்கால ஏரிகளின் வரலாறு பல இடங்களில் மதகுக் கல்லில்தான் இருக்கிறது.

உள்வாயில் அடர்ந்திருக்கும் சீமைக் கருவேலம் ஒரு வகையில் ஊரின் சேமிப்பு. விறகாகவும் கரியாகவும் அதற்கு விலை உண்டு. முறைப்படி ஏலம் விட்டு, வேருடன் பெயர்க்க வேண்டும் என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். வெட்டி மட்டும் எடுத்தால் அடிக்கட்டை அடுத்த மழையில் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். கரைமேல் உள்ள மரத்தைப் பெயர்த்த குழியில் மண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசு கட்டையால் இடிக்காவிடில், அவ்வழியே நீர் கசியத் தொடங்கும்.

யார் பங்கு?

மேலே ஏக்கருக்கு 500 ரூபாய் என்றோம். அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில்தான் ஊர்க் கூட்டங்கள் கலைகின்றன. நிலத்துக்காரர் நகரத்தில் இருப்பார், பயிரிடுபவர் குத்தகைக்காரர். ஏரி சீர்ப்பட்டால் நிலத்தின் மதிப்பு உயர்வது நிலத்துக்காரருக்கு. ஆகையால் பணம் அவர் கொடுப்பதும், உழைப்பில் பங்குகொள்ள விரும்பினால் குத்தகைக்காரர் அதற்கு ஈடாகக் குத்தகையில் கழித்துக்கொள்வதும் நியாயம். கடைமடைக்காரரோ, "என் வயலுக்கு நீர் வந்து பத்து வருஷமாயிற்று, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பார். அவர் கேட்பதில் தவறில்லை. அவருக்கு விடை வாய்ச்சொல்லால் கூறலாகாது. கடைமடைக்குப் போகும் வாய்க்காலைச் சீர்செய்யும் வேலையை மதிப்பீட்டில் முதலில் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழைய குடிமராமத்தைப் புகழ்ந்து பேசும்போது, அதில் மண் சுமந்தவர்களுள் ஒரு காணி நிலமும் இல்லாதவர் பலர் இருந்தனர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிலம் உள்ளவரின் பங்கை நிலமற்றவர் தலையில் இலவச உழைப்பாக ஏற்றுவது அக்காலத்தில் வழக்கமாயிருந்திருக்கலாம். இன்று அது கூடாது. உழைப்புப் பங்கு ஆயக்கட்டுதாரர் செய்ய வேண்டியது. கூலிக்கு வருபவர் ஆணாயினும் பெண்ணாயினும், எத்தெருவைச் சேர்ந்தவராயினும், அன்றாடக் கூலி பெற வேண்டும். வருகைப் பட்டியலில் இவ்விரு வகையினரையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினால் குழப்பம் வாராது.

வேலை முடிந்த பின் ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கு நீர்க்கட்டி வேண்டும். பல ஊர்களில் அப்பதவி மறைந்துவிட்டது. அவருக்கு அளந்த நெல் நின்றதே காரணம். மீன் குத்தகை, மர ஏலம் இவற்றில் ஏரிக்கென்று பெறக்கூடிய பங்கு எவ்வளவு என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்து, அதனுடன் ஆயக்கட்டுதாரர் ஆண்டுச் சந்தாவைச் சேர்த்தால், நீர்க்கட்டிக்குச் சம்பளமும், மதகுத் திருகாணிக்கு ஆண்டுக்கு ஒரு முறை கிரீசும் கொடுக்கலாம். 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி சங்கம் அமைந்துள்ள இடங்களில் இதைத் தீர்மானமாகவே எழுதிவைக்கலாம்.

காலம் குறித்து ஒரு சொல். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஏரி வேலைக்கு உகந்தவை பங்குனி முதல் ஆடி வரையுள்ள மாதங்கள். அனுமதி ஆவணியில் வந்தால் வேலை சேற்றில் முடியும். அளவு எடுக்குமுன் ஏரி நிரம்பிவிடும். வெட்டியது எவ்வளவு என்று நீருக்கடியில் யார் பார்ப்பது? 2022-ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச்சு 22-ஆம் நாளும் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்நாளில் தீர்மானம் நிறைவேற வேண்டுமானால், தை மாதத்திலேயே நாலைந்து பேர் கரைமேல் ஒரு முறை நடந்து வரவேண்டும். மதகில் எவ்வளவு ஒழுகுகிறது என்பதை ஒரு வாளியும் கைக்கடிகாரமும் கொண்டு அளக்கலாம். கலிங்கின் விரிசல், கரை தாழ்ந்த இடம், வரத்துக்கால் அடைபட்ட இடத்தின் சர்வே எண், பெயர்ந்து கிடக்கும் கற்களின் எண்ணிக்கை, ஏக்கர்வாரியாக ஆயக்கட்டுதாரர் பட்டியல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்க. அத்தாளுடன், ஊர்ப் பங்கு செலுத்திய வங்கிச் சீட்டையும் இணைத்து, கிராம சபைத் தீர்மானத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடமோ நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும்.